நம்ம வீட்டுப் பொண்ணு பாடாத கச்சேரி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி புடுங்கவே நேரம் சரியா இருக்கு. பாதி எழுதின பதிவுகள் ரெண்டு மூணு அப்படியே கிடக்கு. ஆனா இதை இப்ப எழுதலைன்னா பிரயோஜனம் இல்ல. ஏன்னா, மார்கழி வருது.

சென்னைல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. டிசம்பர் பொறந்தா மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் நாலு தெருவுக்கு ஒரு பேனர் தொங்கும். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பிரம்ம கான சபா, வாணி மகால், பாரதிய வித்யா பவன், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், திருவல்லிக்கேணில 1900-லேயே ஆரம்பிச்ச பார்த்தசாரதி சுவாமி சபா, பாரிமுனைல தமிழ் இசைச் சங்கத்தோட ராஜா அண்ணாமலை மன்றம்னு ஊரே பாடும். ஒரே சபாவுல ஒரே நாள்ல நாலு, அஞ்சு கச்சேரி. 2017-ல யுனெஸ்கோ நம்ம ஊரை இசைக்கான படைப்பு நகரங்கள் பட்டியல்ல சேர்த்ததுக்கு இந்த ஒரு மாசமும் முக்கியமான காரணம்.

வருஷா வருஷம் நிகழ்ச்சிப் பட்டியல் கைக்கு வந்ததும் நான் ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு உக்காந்துடுவேன். எது எங்க, எத்தனை மணிக்கு, தி.நகர்ல முடிஞ்சா மயிலாப்பூருக்கு எப்படிப் போறது, அங்க கேன்டீன் யாரு. தங்கமணி எட்டிப் பார்த்துட்டு, "காலேஜ்ல இப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் எங்கயோ இருந்திருப்பீங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. உண்மைதான், என்ன பண்றது.

போன வருஷம் வரைக்கும் நான் டிக் அடிச்சதெல்லாம் ஒரே மாதிரி கச்சேரிதான். சாயங்காலம் ஆறு, ஆறரை மணி. பெரிய பேர். பத்து நாள் முன்னாடியே டிக்கெட் தீர்ந்துடும் வகை. மத்தியானக் கச்சேரிங்கற பக்கத்தை நான் படிச்சதே கிடையாது. பேப்பர்ல வரி விளம்பரம் மாதிரி, கண்ணு அதைத் தாண்டிப் போயிடும்.

போன வருஷம் அந்தப் பக்கத்துல எங்க வீட்டுப் பேர் ஒண்ணு வந்துடுச்சு.

என் அக்கா பொண்ணு. ஏழு வயசுலேர்ந்து பாட்டு கத்துக்கறா. இப்ப இருபத்தி ரெண்டு. காலேஜ், கேம்பஸ் இன்டர்வியூ, ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் நடுவுல விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கா. ஒரு சபாவுல மத்தியானம் 12 மணிக்கு வாய்ப்பு கிடைச்சுது. (எந்த சபான்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.) காசு கொடுன்னு நேரா யாரும் கேக்கல. "ஒரு ஸ்பான்சர் பிடிச்சுக் கொடுத்தா நல்லா இருக்கும், சீசன் மலர்ல ஒரு பக்கம் விளம்பரம் வரும்"னு சொன்னாங்க. அத்தான் யாரையும் பிடிக்கலை. தன் பிஎஃப்-லேர்ந்து எடுத்து அவரே ஸ்பான்சர் ஆயிட்டாரு. மலர்ல அவரோட கம்பெனி பேர் வரல, ஏன்னா அவருக்குக் கம்பெனி கிடையாது. "ஒரு இசை ரசிகர்"னு போட்டுக்கிட்டாரு. எல்லா சபாவும் இப்படின்னு சொல்லலை. நல்ல பாட்டா இருந்தா போதும்னு தேடிக் கூப்பிடறவங்களும் இருக்காங்க. எங்களுக்கு அமைஞ்சது இது.

கச்சேரி அன்னிக்கு நாங்க குடும்பத்தோட போய் இறங்கினோம். ஹால்ல ஐந்நூறு நாற்காலி இருக்கும். நான் பின்னாடி உக்காந்து எண்ணினேன். கெட்ட பழக்கம், எங்க போனாலும் எண்ணுவேன். மொத்தம் பதினோரு பேர். அதுல ஏழு பேர் நாங்க. மைக் பாக்கற ஒருத்தர். மடியில நோட்டு வச்சுக்கிட்டு, பாடற ஒவ்வொரு பாட்டையும் ராகத்தையும் பென்சில்ல குறிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர். அப்புறம் மூணாவது வரிசைல பட்டுப்புடவை கட்டின ஒரு சின்னப் பொண்ணும், அவங்க அம்மாவும்.

பொண்ணு நல்லாத்தான் பாடினா. மாமான்னு சொல்லலை. வர்ணத்துல கொஞ்சம் பயம் தெரிஞ்சுது. அப்புறம் குரல் சூடாயிடுச்சு. திருச்சிலேர்ந்து வந்த வயலின் பொண்ணு பதிலுக்குப் பதில் வாசிச்சுது. மிருதங்கம் வாசிச்ச பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். தனி ஆவர்த்தனம் வந்தப்போ, வழக்கமா பெரிய கச்சேரில ஹாலே எந்திரிச்சு காபி சாப்பிடக் கிளம்புமே, அந்தக் கூத்து இங்க இல்ல. எந்திரிச்சுப் போகவே ஆள் இல்ல! பையன் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சான். பெரியவர் கையில தாளம் போட்டுக்கிட்டே இருந்தார். அந்த மூணாவது வரிசைப் பொண்ணும் போட்டுது.

ஒண்ணரை மணிக்கு மங்களம் பாடி முடிச்சாச்சு. போட்டோ எடுத்தோம். செயலாளர் கவர் கொடுத்தார், பக்கவாத்தியக்காரங்க ஆட்டோ காசுக்கு ஆகும். கிளம்பறப்போ அந்தப் பெரியவர் எங்க அத்தான் கிட்ட வந்து, "நல்ல பாடாந்தரம் சார். அடுத்தது ரெண்டு மணிக்கு இன்னொரு பொண்ணு. அதுவும் நல்லா பாடும். இருந்து கேட்டுட்டுப் போங்களேன்"னாரு. அத்தான் வாட்ச்சைப் பார்த்தாரு. "ஒரு அவசர வேலை இருக்கு சார்"னாரு.

அவசர வேலை என்னன்னா, பின்னாடி கேன்டீன்ல சாப்பாடு.

இலை போட்டு உக்காந்தோம். கொண்டாட்டம். நான் ரெண்டு தடவை பாயசம் வாங்கினேன். கை கழுவப் போறப்போ உள்ளேர்ந்து குரல் கேட்டுது. சுத்தமான, பயமே இல்லாத குரல். கல்யாணி ஆலாபனை. கதவை லேசா தள்ளிப் பார்த்தேன். மேடைல அந்த மூணாவது வரிசைப் பட்டுப்புடவைப் பொண்ணு. அதாவது எங்க பொண்ணோட கச்சேரியை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டது, அடுத்து பாட வேண்டிய பொண்ணு. தான் பாடப் போற நாள்ல தொண்டையைக் கவனிக்காம, படபடப்பைக் காட்டிக்காம, முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்கு.

ஹால்ல எண்ணிப் பார்த்தேன். அவங்க அம்மா. பெரியவர். மைக் பாக்கறவர். மூணே பேர்.

நானாவது உள்ள போய் உக்காந்திருக்கலாம். உக்காரலை. கதவை மெதுவா சாத்திட்டுத் திரும்பி வந்துட்டேன். வெளிய எல்லாரும் கார்ல ஏறிக்கிட்டு இருந்தாங்க. வழியில அக்கா பொண்ணு ரொம்ப நேரம் பேசலை. மத்ய கைலாஷ் தாண்டினப்புறம் சொன்னா: "மாமா, அவ எனக்காக முழுசா உக்காந்து கேட்டா. நாம ஏழு பேர் வந்திருந்தோம். ஒருத்தர் கூட அவளுக்காக உக்காரலை. எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்குப் பதில்தான்.

நிற்க.

கூட்டம் இல்ல, ரசனை செத்துப் போச்சு, இளைஞர்கள் வர்றதில்ல, இப்படியெல்லாம் வருஷா வருஷம் புலம்பல் கேக்கறோம். நானும் புலம்பினவன்தான். ஆனா அன்னிக்கு நான் பார்த்தது ரசனைப் பஞ்சம் இல்ல. காலைலேர்ந்து அந்த ஹாலுக்குள்ள மூணு நாலு கச்சேரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குடும்பம் வருது, தன் பிள்ளையைக் கேக்குது, போட்டோ எடுக்குது, போயிடுது. அடுத்த குடும்பம் வருது. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்னு வைங்க. ஒவ்வொரு குடும்பமும் இன்னொரு கச்சேரிக்கு மட்டும் கூடுதலா உக்காந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் கூட்டம் ரெண்டு மடங்கு. இதுக்கு அரசாங்கம் வேணாம், அகாடமி வேணாம், ஒரு பைசா செலவு கூட வேணாம். மத்தியானக் கச்சேரி பெரும்பாலான சபாவுல இலவசம்.

அந்த ஹாலை நடத்தறவங்க பக்கமும் யோசிச்சுப் பார்த்தேன். வாடகை, கரண்ட், ஏசி, மைக், ஆள் கூலின்னு எவ்வளவோ இருக்கு. சாயங்கால டிக்கெட்டும் விளம்பரமும்தான் மத்தியானத்தையும் சேர்த்துத் தாங்குது. பன்னெண்டு மணிக்குப் பாடற பிள்ளை நாலு மணிக்கு முன்னேறணும், அப்புறம் ஆறு மணிக்கு வரணும். அதுக்குப் பல வருஷம் ஆகும். செயலாளர் எதை வச்சு முடிவு பண்ணுவார்? பாட்டைக் கேட்டு முடிவு பண்றவங்க இருக்காங்க. நாற்காலியைப் பார்த்து முடிவு பண்றவங்களும் இருக்காங்க. நாற்காலி காலியா இருந்தா, அடுத்த வருஷம் அத்தானோட பிஎஃப்-தான் மறுபடியும் பேசணும். காசு உள்ள வீட்டுப் பிள்ளை நிலைக்கும். காசு இல்லாத வீட்டுப் பிள்ளை ஒரு நல்ல வேலையாப் பார்த்துக்கிட்டுப் போயிடும். நாம காலியா விட்டுட்டு வர்ற ஒவ்வொரு நாற்காலிக்கும் வேற யாரோ காசு கட்டறாங்க.

பாட்டுக்கு மட்டும்தான் இந்தக் கதைன்னு நினைக்காதீங்க. நாடகத்துக்கு வருவோம்.

எங்கப்பா ரயில்வே. சனி, ஞாயிறு ஆனா நாடகம்தான். சபாவுல மெம்பர். வருஷத்துக்கு இவ்வளவுன்னு சந்தா கட்டிட்டா, மாசத்துக்கு ரெண்டு மூணு நிகழ்ச்சி. என்ன நாடகம், யார் போடறாங்கன்னு அப்பா பார்த்ததா எனக்கு நினைவே இல்ல. "இந்த வாரம் யாரோ புது ட்ரூப்பாம், வாடா"ன்னு கூட்டிட்டுப் போவார். ஆர்.எஸ்.மனோகரோட பிரம்மாண்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன். பேரு மறந்து போன எத்தனையோ சுமார் நாடகங்களையும் அப்படித்தான் பார்த்தேன். சில நாள் வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அப்பா திட்டிக்கிட்டே வருவார். ஆனா அடுத்த வாரம் மறுபடி கிளம்பிடுவார்.

அந்தச் சந்தாவோட அருமை எனக்கு இப்பத்தான் புரியுது. அது தெரிஞ்ச நடிகனுக்குக் கொடுக்கற காசு இல்ல. தெரியாதவங்களுக்குன்னு முன்கூட்டியே எடுத்து வச்ச காசு. ஏஜி ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டே நாடகம் போட்டவர் கே.பாலசந்தர். ரயில்வேல குமாஸ்தாவா இருந்துக்கிட்டு மேடை ஏறினவர் நாகேஷ். சினிமாவா வந்து ஊரே பார்த்த சர்வர் சுந்தரம், மேஜர் சந்திரகாந்த் எல்லாம் முதல்ல மேடைல நடந்த நாடகங்கள். சோவோட முகமது பின் துக்ளக் 1968-ல மேடை ஏறினது. கோமல் சுவாமிநாதனோட தண்ணீர் தண்ணீர் 1980-ல நாடகம், 1981-ல சினிமா. கிரேஸி மோகன் இன்ஜினியரா ஃபேக்டரிக்குப் போய்க்கிட்டே எழுதினவர். 2019-ல அவர் போனப்போ நாம எல்லாரும் அழுதோம். இவங்கள்ல யாரும் பிறக்கறப்பவே பெரிய பேரா பிறக்கலை. எங்கப்பா மாதிரி ஆயிரம் குமாஸ்தாக்கள், இன்னிக்கு யாரு என்னன்னு தெரியாமலே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் உக்காந்தாங்க. அந்த ஆயிரத்துல எத்தனையோ நாடகம் உப்புச்சப்பு இல்லாம போச்சு. போகட்டும். அதையும் தாங்கினதாலதான் நாலு நல்லது முளைச்சுது.

டிவி வந்தது, மெகா சீரியல் வந்தது, மெம்பர் சந்தா கொறைஞ்சுது. இந்தக் கதை உங்களுக்கே தெரியும். நாடகம் செத்துடுச்சுன்னு சொல்றவங்களை நான் ஒத்துக்க மாட்டேன். கோடைல கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் புது நாடகங்களுக்குன்னே விழா நடத்தறாங்க. ந.முத்துசாமி 1977-ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை வழியில வந்தவங்க நவீன நாடகம் பண்றாங்க. சின்னச் சின்ன ஹால்ல, கிடைச்ச இடத்துல, இளைஞர்கள் புதுசு புதுசா போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. போட ஆள் இருக்கு. பாக்கறதுக்கு?

இந்த மே மாசம் நடந்ததைச் சொல்றேன். அந்தப் பொண்ணு சொன்னது உறுத்திக்கிட்டே இருந்ததால, வேணும்னே முன்பின் கேள்விப்படாத ஒரு ட்ரூப் நாடகத்துக்குப் போனேன். வாசல்ல ஒரு மேஜை, ஒரு பையன். "ஒரு டிக்கெட் கொடுங்க"ன்னேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சார், நீங்க யாரோட கெஸ்ட்?"

"யாரோட கெஸ்டும் இல்லப்பா. நாடகம் பாக்க வந்தேன்."

"இல்ல சார், நடிக்கறவங்கள்ல யாரு உங்களுக்குச் சொந்தம்?"

"யாருமே இல்ல."

பையனுக்கு டிக்கெட் புத்தகம் எங்க இருக்குன்னே தெரியலை. உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்தான். நான் வாங்கினது எத்தனாவது டிக்கெட்டுன்னு பார்த்தேன். நாலாவது. ஹால்ல எழுபது பேர் இருந்தாங்க. மீதி எல்லாரும் சித்தப்பா, பெரியம்மா, ஆபீஸ் நண்பர், பக்கத்து வீடு. பாஸ். ஒவ்வொரு பாத்திரம் மேடைக்கு வர்றப்பவும் ஒரு வரிசை மட்டும் கைதட்டும். அந்த ஆள் உள்ள போயிட்டா அந்த வரிசை செல்போனை எடுத்துடும். அடுத்த ஆள் வந்தா வேற வரிசை. சிரிப்பு வந்துது, வயிறும் எரிஞ்சுது.

நாடகம் எப்படின்னு கேக்கறீங்களா? முதல் பாதி இழுவை. ரெண்டாவது பாதில வீட்டை விக்கிறதுக்கு அண்ணன் தம்பி பேசற ஒரு காட்சி. எங்க வீட்லயே நடந்த மாதிரி இருந்துது. தொண்டை அடைச்சுக்கிச்சு. முடிஞ்சதும் எழுதின பையனைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவன் முதல்ல கேட்ட கேள்வியும், "சார், நீங்க யாரு ஃபேமிலி?"

இப்ப நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா வரேன்.

"யூட்யூப்ல எல்லாம் இருக்கே?" இருக்கு. நானும் தினம் கேக்கறேன். 2020 டிசம்பர்ல தொற்று காரணமா சபா கதவெல்லாம் சாத்தி, சீசனே இணையத்துல நடந்துது. கேமராவைப் பார்த்துப் பாடினாங்க. பாட்டு முடிஞ்சா நிசப்தம். வீட்டு சோபால உக்காந்து கேட்ட எனக்கே அந்த நிசப்தம் சங்கடமா இருந்துது. நம்ம சங்கீதத்துல பாதி அப்பப்ப மேடையிலேயே பிறக்கறது. எதிர்ல ஒருத்தர் தலை ஆட்டினா ஆலாபனை இன்னும் ஒரு சுத்து போகும். முகம் வாடினா சட்டுன்னு முடிஞ்சுடும். நாடகத்துலயும் சிரிப்பு வந்தா நடிகர் வசனத்தை நிறுத்திக் காத்திருப்பார். கேக்கறவனும் அதுல ஒரு பக்கவாத்தியம். பெரியவங்களுக்கு யூட்யூப் போதும், அவங்க ஏற்கனவே செதுக்கப்பட்டவங்க. வளர்ற பிள்ளைக்கு எதிர்ல ஒரு முகம் வேணும்.

"எனக்கு ராகம் தெரியாதே?" எனக்கு மட்டும் தெரியுமா? கல்யாணி, மோகனம், ஹிந்தோளம்னு ஒரு பத்து ராகம் கண்டுபிடிப்பேன். மத்ததுக்கெல்லாம் பக்கத்து சீட்டு மாமியைப் பார்ப்பேன். அவங்க பக்கத்து மாமாவைப் பார்ப்பாங்க. சாப்பாடு ருசிக்கறதுக்குச் சமையல் தெரிஞ்சிருக்கணுமா என்ன?

"அது அவங்க இடம், நமக்கு ஒட்டாது." இதை நான் சிரிச்சுத் தள்ள மாட்டேன். சபாக்குள்ள மேடையும் சரி, முன் வரிசையும் சரி, பெரும்பாலும் ஒரே சமூகத்தோட முகமாத்தான் இருக்கு. டி.எம்.கிருஷ்ணா 2015-ல இனிமே டிசம்பர் சீசன்ல பாட மாட்டேன்னு சொன்னதுக்குப் பின்னாடி இருந்த வருத்தத்துல இதுவும் ஒண்ணு. நான் முதல் தடவை தனியா ஒரு சபாவுக்குள்ள போனப்போ, என் பேரையும் ஊரையும் விசாரிச்சுட்டு அதுக்கு அடுத்த கேள்வியை நாசூக்கா சுத்தி வளைச்சுக் கேட்டவர் உண்டு. கோபம் வந்துது. ஒரு வருஷம் அந்தப் பக்கம் போகலை. அப்புறம் யோசிச்சேன். தமிழ்ல பாட மாட்டேங்கறாங்கன்னு கோபப்பட்டவங்க வீட்லயே உக்காந்திருக்கலை. 1943-ல தமிழ் இசைச் சங்கத்தையே கட்டினாங்க. அந்த அளவுக்கு நம்மால முடியலைன்னா கூட, காலியா கிடக்கற நானூத்தித் தொண்ணூறு நாற்காலில போய் உக்காரலாமே. மேடை மாற நாளாகும். கேக்கற கூட்டம் யாருன்னு மாத்தறது நம்ம கையில இருக்கு. மத்தியானம் வாசல்ல டிக்கெட் கூட யாரும் கேக்கறதில்ல.

"நேரம் ஏது சார்?" இது நியாயம். மத்தியானம் 12 மணிக்கு ஆபீஸ்ல மேனேஜர் விட மாட்டார். ஆனா டிசம்பர்ல நாலு சனி, நாலு ஞாயிறு இருக்கு. கிறிஸ்துமஸ் லீவு இருக்கு. அதுல ஒரே ஒரு மத்தியானம். நான் கேக்கறது அவ்வளவுதான்.

ஆக, இந்த வருஷத்துக்கு நான் எனக்கே போட்டுக்கிட்ட விதிகள். நல்லா இருந்தா நீங்களும் எடுத்துக்கோங்க, காப்பிரைட் எல்லாம் கிடையாது:

1. ஒரு பெரிய கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினா, பேர் தெரியாத ஒருத்தரோட கச்சேரிக்கும் கண்டிப்பா போகணும். பட்டியல்ல கண்ணை மூடிப் பென்சிலை வைக்கலாம்.

2. நம்ம வீட்டுப் பிள்ளை, நண்பர் வீட்டுப் பிள்ளை பாடினா, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ உள்ள இன்னொரு கச்சேரிக்கும் உக்காரணும். கேன்டீன் எங்கயும் ஓடிப் போகாது.

3. தனி ஆவர்த்தனத்துல எந்திரிக்கக் கூடாது. அவசரம்னா பாட்டுக்கு நடுவுல போகலாமே, ஏன் சரியா மிருதங்கக்காரர் முறை வர்றப்ப மட்டும் எல்லாருக்கும் காபி ஞாபகம் வருது?

4. நாடகத்துக்கு ஓசி பாஸ் கேக்கக் கூடாது. தெரிஞ்சவங்க கொடுத்தாலும் வேணாம்னு சொல்லி டிக்கெட் வாங்கணும். பத்து பேர் வாங்கினா அவங்களுக்கு அன்னிக்கு லைட்டுக்கான வாடகை வந்துடும்.

5. பிடிச்சிருந்தா மேடைக்குப் பின்னாடி போய் ஒரு வார்த்தை சொல்லணும். பிடிக்கலைன்னா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் திட்டிக்கலாம். எங்கப்பா மாதிரி. ஆனா அடுத்த வாரம் மறுபடி கிளம்பணும்.

அஞ்சாவதுதான் முக்கியம். தெரியாத கச்சேரிக்குப் போனா எல்லாம் தேனா இருக்கும்னு நான் சொல்லலை. பாதி சுமாராத்தான் இருக்கும். சில நாள் தூக்கம் வரும். அந்தச் சுமாரைத் தாங்கறதுக்குத்தான் ரசிகன்னு பேரு. நல்லா இருக்கும்னு ஊரே சொன்னப்புறம் போய்க் கேக்கறதுக்கு நாம எதுக்கு?

கடைசியா ஒண்ணு. போன வாரம் பட்டியல் வந்தப்போ முதல் தடவையா மத்தியானப் பக்கத்தை முழுசா படிச்சேன். எங்க அக்கா பொண்ணு பேர் இந்த வருஷம் இல்ல. அவ இப்ப பெங்களூர்ல வேலை. அத்தான் கிட்டயும் பிஎஃப்-ல பெருசா மிச்சம் இல்ல. ஆனா அந்த மூணாவது வரிசைப் பொண்ணோட பேர் இருக்கு. அதே சபா. போன வருஷம் ரெண்டு மணி. இந்த வருஷம் பன்னெண்டு மணிக்கு இறக்கிட்டாங்க.

அக்கா பொண்ணுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துது: "டிக்கெட் போட்டுட்டேன் மாமா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்." அக்காவும் அத்தானும் வராங்க. தங்கமணி, பசங்க, என் மாமியார், நான். போன தடவை ஏழு பேர். இந்தத் தடவை எட்டு. பத்தரைக்கு ஒரு பையன் புல்லாங்குழலாம், யாருன்னு தெரியலை. அதுக்கும் முன்னாடியே போய் உக்காந்துடறதா பேச்சு.

நீங்களும் ஒரு மத்தியானம் போயிட்டு வந்து எழுதுங்க மக்களே. நட்சத்திரப் பாடகர் எந்த ராகம் பாடினார்னு எழுத நூறு பேர் இருக்காங்க. பன்னெண்டு மணிக்குப் பாடின பிள்ளையைப் பத்தி எழுத யாருமே இல்ல. அந்தப் பிள்ளை ராத்திரி தன் பேரைத் தேடிப் பார்க்கும். நாலு வரி கிடைச்சா, அடுத்த வருஷம் வரைக்கும் அது போதும்.

டிஸ்கி: கேன்டீன் பத்தி தனிப் பதிவு வரும். பாயசம் ரெண்டு தடவை வாங்கினதுக்கு மனசாட்சி இன்னும் உறுத்துது. ஆனா பாயசத்தைக் குறை சொல்ல முடியாது.